சோப்பில் என்ன போட்டிருக்கிறது?

நம் சங்க மலருக்கு இவ்வாண்டு என்ன எழுதித் தருவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பூரில் எங்கள் வீட்டு அடுக்களையில் மருமகள் தராசை வைத்து நல்லெண்ணெய் நிறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் நிறுப்பது என் தொழில் ஆயிற்றே, அது எப்படி அவள் கைக்குப் போயிற்று என்று எட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா, கடை போடப் போறியா?"

"இல்ல மாமா, சோப்பு போடறேன். ஹாபி. இப்ப எல்லாரும் வீட்டுலயே பண்றாங்க, புதுசா வந்திருக்கு."

புதுசு என்று அவள் சொன்ன அந்தச் சொல்தான் இக்கட்டுரைக்கு வித்து. அவளிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அடியேன் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1979-இல் பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் ஓர் எண்ணெய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் சொந்தக் கடை வைத்தவன். எண்ணெய் விற்றவனுக்கு எண்ணெய் எங்கெல்லாம் போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் இருக்கும் அல்லவா? அந்த ஆவலில் படித்தவை இவை. குற்றம் இருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

முதலில் பெயரைப் பார்ப்போம். இலத்தீனில் சாப்போ, அரபியில் சாபூன், போர்ச்சுகீசியத்தில் சபாவோ, இங்கே நாம் நாள்தோறும் கேட்கும் மராட்டியில் சாபண், ஆங்கிலம் வழியாக வந்த நம் சோப்பு. எல்லாம் ஒரே குடும்பம். தமிழில் மட்டும் வேறு ஒரு சொல்லும் உண்டு: சவுக்காரம். ஈழத்தமிழர் இன்றும் சவர்க்காரம் என்றுதான் சொல்கிறார்கள். அதில் வரும் காரம் மிளகாயின் காரம் அன்று. க்ஷாரம் என்ற வடசொல்லின் தமிழ் உருவம். எண்ணெயோடு சேர்ந்து அதை வேறு பொருளாக மாற்றும் காரம். சோப்பின் பாதி இரகசியம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சோப்பு வருமுன் நம்மவர் எதைக் கொண்டு அழுக்கு நீக்கினர்? துணிக்கு உவர்மண். புறநானூற்றின் 311-ஆம் பாடல் ஔவையார் பாடியது. களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் சலவைப் பெண் துணி வெளுத்த செய்தி அதில் வருகிறது. ஏன் களர் நிலத்துக் கிணறு? நல்ல தண்ணீர்க் கிணறு கிடைக்கவில்லையா? இக்கேள்வி என்னைப் பல நாள் வாட்டியது. உவர்மண்ணில் சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட் கலந்திருக்கும். அது கரைந்த நீர் துணியிலுள்ள எண்ணெய்ப் பசையைப் பிடித்து இழுக்கும். ஆகவே அந்தக் கிணறு தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கருதுகிறேன். கடல் உப்பு வேறு, உவர் வேறு. கடல் தண்ணீரில் துணி வெளுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கிவிடும். எங்கள் ஊரில் என் சிறுவயதில்கூட வண்ணார் வீட்டு அம்மா உவர்மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கரைத்துத் துணியை முக்கி, பெரிய பானை அடுக்கி வெள்ளாவி வைப்பார். அந்த அம்மாவின் விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருக்கும். காரம் துணியின் அழுக்கையும் தின்னும், வெளுப்பவர் விரலையும் தின்னும். அந்த விரலைப் பற்றி எந்தப் புலவரும் பாடியதாக நான் படித்ததில்லை.

உடம்புக்கும் தலைக்கும் சீயக்காய், அரப்பு, பாசிப்பயற்று மாவு, பூந்திக்கொட்டை. இதில் பூந்திக்கொட்டைக்கு உலகப் புகழ் உண்டு. அம்மரத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் சபிண்டஸ். சாப்போ, இண்டிகஸ் என்ற இரு சொற்களை ஒட்டி 'இந்தியச் சோப்பு' என்று பொருள்படும்படி வைத்த பெயர். மராட்டியர் அதை ரிட்டா என்பர். நம் சீயக்காயும் அவர்கள் சிகேகாயும் ஒரே சொல்லின் இரு வடிவம் என்பது மாட்டுங்கா மார்க்கெட்டில் நின்று கேட்டால் எவருக்கும் புரியும். தீபாவளி விடியற்காலையில் அவர்கள் உட்ணே பூசி மோத்தி சோப்பு போடுவார்கள்; நாம் நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்ப்போம். அடுத்தடுத்த கதவுகளில் இரண்டு வாசனையும் கலந்து வரும் அந்த விடியல் மும்பைக்காரர்களுக்கு மட்டும் கிடைத்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். இதுபோன்ற மலர்களில் "சோப்பை முதலில் கண்டவன் தமிழன்" என்று எழுதும் அன்பர்கள் உண்டு. அது சரியன்று. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது சப்போனின் என்ற நுரைக்கும் பொருள். உவர்மண்ணில் இருப்பது வெறும் காரம். சோப்பு என்பது இரண்டும் அல்ல. எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு கூடித் தன் உருவம் இழந்து, ஒரு பங்கு சோப்பாகவும் ஒரு பங்கு கிளிசரினாகவும் பிரிந்து நிற்பதே சோப்பு. அலெப்போவிலும் நாப்லஸிலும் ஆலிவ் எண்ணெயில் அதைக் காய்ச்சினார்கள். நம்மிடம் எண்ணெயும் இருந்தது, காரமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்க வேண்டிய தேவை நம் வீடுகளுக்கு ஏற்படவில்லை. தேவையற்றதைச் செய்யாமலிருந்தது குறையாகாது, அதை இல்லாத பெருமையாக்கவும் வேண்டாம்.

தொழிற்சாலைச் சோப்பு ஐரோப்பாவில் பெருகியதற்குக் காரணங்கள் இரண்டு. 1791-இல் நிக்கோலா லெப்லாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார், காரம் மலிவாயிற்று. பின்னர் செவ்ரல் என்ற வேதியியலார் கொழுப்புகளை ஆராய்ந்து 1823-இல் நூல் வெளியிட்டார். எண்ணெய்க்குள் நடப்பது என்ன என்று புரிந்தது. மலிவான காரத்துக்கு மலிவான கொழுப்பு வேண்டுமே! இறைச்சிக் கூடங்களில் மிஞ்சும் மாட்டுக் கொழுப்பு அதற்கு வாய்ப்பாக அமைந்தது. அதில் செய்த சோப்பு கல்லாக இறுகும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது, விலையும் குறைவு. ஒரு வணிகனாகச் சொன்னால் அதைவிட நல்ல சரக்கு கிடையாது. டாலோ என்று அதற்கு ஒரு நாகரிகப் பெயர் இருந்ததால் வாங்குகிறவருக்கு எதுவும் தெரியவும் வாய்ப்பில்லை.

1888-இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கின. 1895-இல் லைஃபாய் வந்தது. அதற்கும் முன்னதாக 1879-இலேயே மீரட்டில் ஒரு சோப்பு ஆலை தொடங்கிவிட்டது. அதே மீரட்டில்தான் 1857-இல் தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற கேள்வியில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுக்குள் அவ்வூரில் சோப்பு காய்ச்சிய புகை. தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது, அதனால் கேட்டார்கள். சோப்பு உடம்பின் மேலோடு போவது, அதனால் கேட்காமல் விட்டார்கள் போலும்.

கேட்டவர் ஒருவர் நம் பம்பாயில் இருந்தார். 1897-இல் லால்பாக் பகுதியில் பூட்டுத் தொழில் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ் என்ற பார்சிக்காரர். சுதேசியத்தில் ஊறியவர், திலகர் சுயராஜ்ய நிதிக்கு மூன்று இலட்ச ரூபாய் கொடுத்தவர். 1918-இல் அவர் சலவைச் சோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் பெயர் சாவி. பூட்டுக்காரர் அல்லவா! மறு ஆண்டு குளியல் சோப்பு. விலங்குக் கொழுப்பு சிறிதும் இல்லாமல் தாவர எண்ணெயில் செய்தது. அதற்கு அவர் வைத்த பெயர் நம்பர் 2. முதல் சரக்குக்கு ஏன் இரண்டாம் எண் என்று கேட்டதற்கு, இரண்டே இவ்வளவு நன்றாக இருந்தால் ஒன்று எப்படி இருக்கும் என்று ஜனங்கள் ஏங்கட்டும் என்றாராம். 1922-இல் நம்பர் 1 வந்தது. மகாகவி தாகூரே அதற்கு நற்சான்று கொடுத்தார். சோப்பில் என்ன இருக்கிறது, கொழுப்புச் சோப்புக்கும் எண்ணெய்ச் சோப்புக்கும் என்ன வேறுபாடு என்று குஜராத்தியில் சிறு வெளியீடு அச்சிட்டு மக்களுக்கு விளக்கவும் செய்தார். ஒரு வியாபாரி தன் சரக்கின் உள்ளடக்கத்தைத் தானே முன்வந்து சொன்னது அந்நாளில் பெரிய காரியம்.

இதை "உலகிலேயே முதல் தாவர எண்ணெய்ச் சோப்பு" என்று எழுதுகிறார்கள். எனக்கு கோத்ரெஜ் மேல் மிகுந்த மதிப்பு உண்டு, ஆனாலும் இதை ஏற்பதற்கில்லை. பிரான்சின் மார்செய் நகரில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கலாகாது என்று பதினான்காம் லூயி மன்னர் 1688-இலேயே ஆணை பிறப்பித்திருந்தார். அங்கே அது சரக்கின் தரத்துக்காக இட்ட ஆணை. கொல்லாமையை நினைத்து இட்டதன்று. நம் நாட்டில் கொழுப்பு வேண்டாம் என்பதையே முன்னிறுத்தி விற்றதுதான் அர்தேஷிரின் சாதனை. அவ்வளவு சொன்னாலே போதும், அவர் பெருமை குறையாது.

அதே காலத்தில் தெற்கிலும் அடுப்பு மூட்டியாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் 1914-இல் அரசின் சோப்பு நிலையம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் மீன்வளத் துறையின் பிரடெரிக் நிக்கல்சன். மீன்வளத் துறைக்குச் சோப்போடு என்ன உறவு என்று கேட்பீர்கள். மீன் எண்ணெயை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்த உறவு அது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காதில் இது விழாமல் இருந்ததே நல்லது. மைசூர் அரசு 1916-இல் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கி 1918-இல் சந்தன சோப்புக்கு வந்தது. இலண்டன் போய்த் தொழில் கற்று வந்தவர் எஸ்.ஜி. சாஸ்திரி. கல்கத்தாவில் வேப்பெண்ணெயில் மார்கோ. டாட்டா நிறுவனம் 1917-இல் எண்ணெய் ஆலைக் கம்பெனியைத் தொடங்கிக் கொச்சியில் தேங்காய் எண்ணெயைக் கொண்டு தொழில் நடத்தியது. நம் தமிழ்நாட்டு வீடுகள் குடும்ப உறுப்பினரைப் போல நடத்திய ஹமாம் அந்தக் கம்பெனியின் பிள்ளை. லீவர் கம்பெனியாரோ 1934-இல் நம் சிவ்ரியிலேயே சோப்பு ஆலை திறந்துவிட்டார்கள். வடாலாவிலிருந்து நடந்து போகிற தூரம்.

அந்த 1934-ஆம் ஆண்டின் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. காந்தியடிகள் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார். செயலராக அமர்ந்தவர் தஞ்சாவூரில் பிறந்த நம் ஜே.சி. குமரப்பா. அவர் பம்பாயில் கணக்காய்வாளராகக் கோட்டும் சூட்டுமாக இருந்தவர் என்பதை மும்பைத் தமிழர் நினைவில் கொள்ள வேண்டும். கிராமத் தொழில்காரர்கள் சோப்பைப் பற்றிக் கேட்ட கேள்வி அர்தேஷிரின் கேள்வியைவிட ஒருபடி ஆழமானது என்பேன். கொழுப்பு வேண்டாம், சரி. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் ஏழைக்குச் சாப்பாடு ஆயிற்றே, அதையா துணியில் தேய்த்துச் சாக்கடையில் விடுவது? வேம்பு, புங்கு, இலுப்பை, புன்னை இவற்றின் விதை மரத்தடியில் உதிர்ந்து மக்கிப் போகிறதே, அதைப் பொறுக்கி ஆட்டினால் என்ன? உண்ணா எண்ணெய்ச் சோப்பு என்று இதற்குப் பெயர். பிற்காலத்தில் 1957-இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் அமைந்தபோது இது அதன் தொழில்களில் ஒன்றாக இடம்பெற்றது. அந்த ஆணையத்தின் தலைமையகம் நம் வில்லே பார்லேயில்தான் இருக்கிறது. போரிவலியில் கோரா கேந்திரம் என்று பஸ் கண்டக்டர் கூவுவாரே, அங்கேயும் சோப்புப் பயிற்சி உண்டு. ஊரில் கதர்க் கடையில் குறிஞ்சி சந்தன சோப்பு வாங்கிய நினைவு பலருக்கு இருக்கும். கதர் சோப்பு சில சமயம் கோணலாக இருக்கும், ஓரம் வெடித்திருக்கும், பெட்டியில் எண்ணெய் ஊறியிருக்கும். வேப்பெண்ணெய் வாடையை எந்தச் சந்தனமும் முழுதாக மறைக்காது. இருந்தாலும் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன்.

எங்கள் பாட்டி சோப்பு போடமாட்டார். பயற்று மாவும் சீயக்காயும்தான். வீட்டில் மற்றவர்கள் போட்டால் அந்தக் கையால் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது என்பார். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பதில்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்தவர். நான் பம்பாயிலிருந்து முதல்முறை ஊருக்குப் போனபோது என் முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாசனைச் சோப்பு மூன்று கட்டி வாங்கிப் போனேன். உறையில் தாமரை மாதிரி ஒரு பூப் படம். பாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்னடா போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

"சந்தனம் பாட்டி. வேற ஒண்ணுமில்ல. நான் எண்ணெய்க் கடையில இருக்கறவன், எனக்குத் தெரியாதா?"

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம். பேரன் சொன்னான் என்று வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் மூன்று கட்டி எடுத்துப் போவேன். வெள்ளிக்கிழமை ஜினாலயத்துக்குப் போகுமுன் அந்தச் சோப்பைப் போட்டுக் குளிப்பது அவருக்குப் பழக்கமாயிற்று.

1983-ஆம் ஆண்டு. இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்படுகிறது என்று நாடெங்கும் கொந்தளிப்பு. மாட்டுங்காவில் எங்கள் கடைக்கு வனஸ்பதி டின்களைப் பாதி காலி செய்த நிலையில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு மாமி டின்னைக் கல்லா மேலே வைத்துவிட்டு அழுதார். தீபாவளிக்கு அதில்தான் பலகாரம் செய்து நாலு வீட்டுக்குக் கொடுத்திருந்தாராம். என்ன பதில் சொல்வது? முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாமி பணத்துக்காக வரவில்லை. அவ்வாண்டே அக்கொழுப்பின் இறக்குமதியை அரசு தடை செய்தது.

அப்போது கடையில் நடந்த பேச்சில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கொழுப்பு எதற்காகக் கப்பலில் வந்தது? பெரும்பாலும் சோப்புக்காக. வனஸ்பதியில் கலந்ததுதான் குற்றம். சோப்பில் போட்டது குற்றமே அல்ல. பல காலமாகச் சட்டப்படி நடந்துவந்த வழக்கம். எல்லாரும் சாப்பாட்டைப் பற்றிக் கூச்சல் போட்டார்கள், குளியலறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் விசாரித்தேன். பாட்டிக்குக் கொண்டுபோன சோப்பிலும் அது இருந்தது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் சந்தனம் என்றும் சொல்லவில்லை, கொழுப்பில்லை என்றும் சொல்லவில்லை. சந்தனம் என்று சொன்னவன் நான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது சோப்பு எடுத்துப் போகவில்லை. "மறந்துட்டியா?" என்றார். "கடையில கிடைக்கல பாட்டி" என்றேன். அதுவும் பொய். அவர் பழையபடி பயற்று மாவுக்குத் திரும்பினார். 1986-இல் காலமானார். கடைசிவரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எண்பது வயதில் அவர் விரதம் இருந்து உடம்பை வருத்தியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். என் அப்பா, விஷயம் தெரிந்தபோது, "அறியாமல் பட்டது அவளுக்குப் பாவமில்லை, அறிந்து மறைத்தது யாரென்று நீ பார்த்துக்கோ" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று முதல் சோப்பு உறையைத் திருப்பிப் படிப்பது எனக்கு வழக்கம். அன்பர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். உறையில் சோடியம் டாலோவேட் என்றிருந்தால் அது கொழுப்பு. சோடியம் பாமேட் என்றால் பனை வகையைச் சேர்ந்த பாமாயில், கோக்கோவேட் என்றால் தேங்காய் எண்ணெய். டி.எஃப்.எம். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை விழுக்காடு என்பதன் சுருக்கம். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்புக்கு 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 இருக்க வேண்டும். பாத்திங் பார் என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். விலையைப் பார்க்கும் கண் இதையும் பார்க்கட்டும்.

வீட்டுச் சோப்பு என்பதும் ஏளனம் செய்வதற்குரியதன்று. சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தம்மிடம் வந்த தொழிலாளரின் தோல் நோய்க்கு மூலிகை எண்ணெய் கொடுத்துவந்தார். அதையே சோப்பாக்கினால் என்ன என்று கையால் செய்யத் தொடங்கியதுதான் 1969-இல் மெடிமிக்ஸ் ஆயிற்று. அதே 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் வீட்டுக் கொல்லையில் சலவைத்தூள் கலந்து சைக்கிளில் வைத்து விற்றார். மகள் நிருபமாவின் பெயரால் அது நிர்மா. ஆகவே மருமகளே, இது புதுசு அல்ல. உன் மாமியார் பிறந்த காலத்துச் சங்கதி.

நானும் ஒருமுறை செய்து பார்த்தவன்தான். எப்போது என்று கேட்காதீர்கள், பாட்டி போன பிறகு. எண்ணெய்க்காரனுக்குத் தெரியாத எண்ணெயா என்ற திமிரில் அலுமினியக் குண்டானில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தேன். புகைந்து, பொங்கி, குண்டானின் அடி கறுத்துத் துளை விழுந்துவிட்டது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொன்னபோது மருமகள் சிரிக்கவில்லை. தன் கண்ணாடியையும் ரப்பர்க் கையுறையையும் எடுத்துக் காட்டினாள். அவள் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்: தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100. இதற்கு காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 330 மில்லி. ஒவ்வோர் எண்ணெயும் குடிக்கும் காரத்தின் அளவு வேறு. தேங்காய் எண்ணெய் கிலோவுக்கு 183 கிராம் குடிக்கும், நல்லெண்ணெய் 134, விளக்கெண்ணெய் 128. கூட்டிப் பார்த்தால் 158 வரும். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்துப் போட்டால் காரம் மிஞ்சாது, கொஞ்சம் எண்ணெய் மிஞ்சித் தோலுக்கு இதமாக இருக்கும். ஆகவே கைத்தராசுக்கு இங்கே வேலையில்லை, கிராம் காட்டும் தராசு வேண்டும். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும். நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எதையாவது ஊற்றிவிட்டு என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். எவர்சில்வர் பாத்திரம், திறந்த ஜன்னல், பக்கத்தில் குழந்தைகள் கூடாது. தோலில் பட்டால் நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பாக ஆறிய பின் கலந்து கிளறினால் தோசை மாவுப் பதம் வரும். அச்சில் ஊற்றி மறுநாள் வெட்டி, நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். பெரிய ஆலைகளில் உப்பிட்டுப் பிரித்துக் கிளிசரினைத் தனியே எடுத்து விற்றுவிடுவார்கள். முதல் உலகப் போரில் அந்தக் கிளிசரினுக்காகவே சோப்பு ஆலைகளை அரசுகள் கண்காணித்தன, வெடிமருந்துக்கு அது வேண்டியிருந்தது. வீட்டுச் சோப்பில் கிளிசரின் உள்ளேயே தங்கிவிடுகிறது. கொல்லாமை பேசுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

முழுச் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். தாராவியில் என் கடைக்குப் பின்புறம் இரண்டு சந்து தள்ளி, ஓட்டல்களில் விருந்தினர் பாதி தேய்த்துப் போட்ட சோப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, மேல்தோலைச் சுரண்டி, உருக்கி, மறுபடி சலவைக் கட்டியாக்கும் பட்டறை இருந்தது. வேலை செய்த பையன்களின் கை, ஊரில் நான் பார்த்த வண்ணார் வீட்டு அம்மாவின் கையைப் போலவே இருந்தது. அந்தக் கட்டிகளை நானும் வாங்கி விற்றிருக்கிறேன். வாடிக்கையாளர் யாராவது என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், "எல்லாம் கலந்தது, துணிக்கு மட்டும் போடுங்க" என்பேன். பாட்டிக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட பதில் அது.

மருமகள் வெட்டி வைத்த பதினோரு கட்டிகள் இப்போது பால்கனியில் செய்தித்தாள் மேல் காய்கின்றன. உறை சுற்றி அண்டை வீட்டாருக்குக் கொடுக்கப் போகிறாளாம். உறைக்குள் வைக்க ஒரு துண்டுச் சீட்டு என்னை எழுதித் தரச் சொன்னாள். மூன்று எண்ணெயின் பெயரும் காஸ்டிக் சோடாவும் தண்ணீரும், அளவோடு எழுதிக் கொடுத்தேன். "காஸ்டிக்னு போட்டா பயப்படுவாங்க மாமா" என்றாள். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றேன். அடுத்த முறை இலுப்பெண்ணெயில் செய்து பார்க்கலாம் என்று பேச்சு. மாட்டுங்காவில் இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தேன், இல்லை என்றார்கள். ஊரிலிருந்து வரும் தம்பியிடம் இரண்டு லிட்டர் சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணெய் குடிக்கும் காரத்தின் கணக்கை மருமகள் தேடி எடுத்து வைத்திருக்கிறாள்.